மஞ்சள் முகத்துச் சொந்தக்காரன்

நேப்பிள்ஸ், ஜூலை 5

அன்புத் தங்கை ரொசெத்தாவுக்கு,

அக்கா நுன்ஸியா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முணுமுணுக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை சபாத்தினோவும் குழந்தை இடாவும் சுகம்தானே?

ஒரு செய்தி. பெரியம்மா போனதிலிருந்து பேராலயத்தின் முன்வரிசையில் அவள் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. போன ஞாயிறு எர்சிலியா எனக்கு ஆள் அனுப்பினாள். சந்தையில் மட்டி விற்பாளே, அவள்தான் இப்போது புனித ஜென்னாரோவின் சொந்தக்காரிகள் என்று முன்வரிசையில் உரிமையோடு உட்காரும் பெண்களுக்குத் தலைவி. போனால், கையில் கத்தியோடு மட்டி திறந்துகொண்டே விசாரணை நடத்தினாள்.

"மன்றாட்டு மாலை சொல்ல எந்தக் கழுதைக்கும் வரும். உனக்குத் திட்ட வருமா?"

"யாரை?"

"யாரையா? செப்டம்பர் திருநாள்ல, குப்பியில கட்டியாக் கிடக்கிற அவன் ரத்தம் உருக லேட்டாச்சுன்னா அவனை எழுப்புறது யாரு, பிஷப்பா? நாமதான். சொந்தக்காரங்க திட்டினாத்தான் அவனுக்கு உறைக்கும். எங்க, ஒரு தடவை திட்டிக் காட்டு."

சந்தை நடுவில் நின்று, "ஏ மஞ்ச மூஞ்சி, எழுந்திரு!" என்று கத்தினேன். பெரியம்மா கத்துவதைத்தானே நாம் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். புனிதரின் சிலைக்குத் தங்க முலாம் பூசிய முகம். ஆனால் பக்கத்தில் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர், தன்னைத்தான் சொல்கிறேன் என்று திரும்பி முறைத்தார்.

"இந்தக் குரலுக்குப் பூனைகூட எழுந்திருக்காது. பரவாயில்ல, செப்டம்பருக்குள்ள பழகிக்கோ" என்றாள் எர்சிலியா. ஆக, நாற்காலி எனக்கு.

உன் போன கடிதத்தில் வரிகளெல்லாம் வலது பக்கம் சரிந்து இறங்கியிருந்தன. படுத்துக்கொண்டு எழுதினாயா? பியெடிகுரோத்தா திருவிழாவுக்காவது இந்த வருஷம் வருவீர்களா? சோளம் வேகும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது.

அன்புடன்,
நுன்ஸியா


ஷார்ல்ருவா, பெல்ஜியம், ஜூலை 19

அன்பு அக்காவுக்கு,

ரொசெத்தா வணக்கம். நாங்கள் மூவரும் சௌக்கியம். உன் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெய் சூடு பண்ணித் தேய். இஸ்திரிப் பெட்டியோடு நாள் முழுக்க நிற்காதே. சலவைக்கடைக்காரர் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்?

நீ முன்வரிசையில் உட்காரப்போவதைச் சபாத்தினோவிடம் சொன்னேன். "உங்கக்கா வாய்க்கு அந்தப் புனிதன் கல்லறையிலேர்ந்தே எழுந்து ஓடிடுவான்" என்றார். மலைநாட்டுக்காரர் அல்லவா, நம் ஊர் வழக்கம் எல்லாம் அவருக்குக் கேலி. சுரங்கத்தில் சங்க வேலை வேறு கூடிப்போய்விட்டது.

இடா இப்போது பிரெஞ்சில் கனவு காண்கிறாள். தூக்கத்தில் பேசுவது எனக்குப் புரிவதில்லை. பக்கத்து வீட்டுப் போலந்துக்காரி நல்லவள். கரி வாளியை அவளே மேலே கொண்டுவந்து வைத்துவிடுகிறாள். மாடிப்படியில் பாதியில் ஒரு சன்னல் இருக்கிறது. அங்கே கொஞ்சம் நின்று கரிமேட்டைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இங்கேயும் வெக்கைதான். இரவில் உட்கார்ந்தபடியே தூங்கினால் காற்று வருகிறது.

திருவிழாவுக்கு வர முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

உன்
ரொசெத்தா


நேப்பிள்ஸ், ஜூலை 30

ரொசெத்தா,

நான் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை, அதனால் விசாரிப்பை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

வெக்கைக்கு யாரடி உட்கார்ந்து தூங்குவார்கள்? வெக்கை என்றால் நாம் தரையில் படுப்போம், மொட்டை மாடியில் படுப்போம். உட்கார்ந்து தூங்கியது நம் அம்மா. கடைசி வருஷம், முதுகுக்கு மூன்று தலையணை வைத்துக்கொண்டு. அப்போது நீ சின்னவள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்தவள் நான்.

படியில் பாதியில் நிற்கிறாயாம், கரிமேடு பார்க்கிறாயாம். கரிமேட்டில் அப்படி என்ன இருக்கிறது? கரி வாளியை இன்னொருத்தியைத் தூக்க விடுகிற ஆளா நீ?

உண்மையை எழுது. அழகாக எழுத வேண்டாம். சரிந்து எழுதினாலும் பரவாயில்லை.

நுன்ஸியா


ஷார்ல்ருவா, ஆகஸ்ட் 14

அன்பு அக்காவுக்கு,

நீ நலமாய் இரு. என்னைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இது.

எட்டு வயதில் எனக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததே, அது போகும்போது இதயத்துக்குள் ஒரு கதவைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கதவு ஒட்டிக்கொண்டு கொஞ்சம்தான் திறக்கிறதாம். பிரஸ்ஸல்ஸில் ஒரு டாக்டர் பார்த்தார். விலாவைத் திறந்து, இதயத்துக்குள் ஒரு விரலை விட்டு, ஒட்டியதைப் பிரித்துவிடுவாராம். விரலா என்று கேட்டேன். விரல்தான் என்று ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். சுத்தமான விரல். அதைத்தான் அன்றிலிருந்து கனவில் பார்க்கிறேன்.

செய்யாவிட்டால்? "இந்தக் குளிர்காலம் தாண்டலாம். அடுத்ததைப் பத்தி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். பத்துப் பேருக்குச் செய்தால் எட்டுப் பேர் எழுந்து நடக்கிறார்களாம். அவர் அந்த எட்டுப் பேரைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு மற்ற இருவரின் நினைவாகவே இருக்கிறது.

செப்டம்பர் 24 அன்று எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 22ஆம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சபாத்தினோ அப்போதே சரி என்றார். நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை அக்கா.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். 19ஆம் தேதி ஜென்னாரோவின் ரத்தம் உருகினால் கையெழுத்துப் போடுவேன். உருகாவிட்டால் போட மாட்டேன். இருக்கிற குளிர்காலத்தை இடாவோடு இருந்துவிட்டுப் போகிறேன். ரத்தம் உருகாத வருஷத்தில் நம் ஊரில் யாராவது கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்களா? நான் நெஞ்சைத் திறக்கவா போவேன்?

இது சபாத்தினோவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஒரு நாள் சும்மா பேச்செடுத்துப் பார்த்தேன். "உயிரோட இருக்கிற டாக்டரை விட்டுட்டு, செத்தவன் ரத்தத்துக்கிட்டயா கேப்பே?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அதனால் தந்தி அடிக்காதே. தந்தி வந்தால் அவர் கையில்தான் போகும். கடிதம் எழுது. தபாலை நானே கீழே போய் வாங்கிக்கொள்வேன்.

நடந்ததை நடந்தபடி எழுது. நீ பொய் சொல்லத் தெரியாதவள். ரொட்டி திருடியது நான் என்று அப்பாவிடம் காட்டிக்கொடுத்தவளும் நீதானே. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

உன்
ரொசெத்தா


நேப்பிள்ஸ், செப்டம்பர் 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும், பதில் எங்கே என்று கேட்ட அட்டையும் வந்தன. எழுதி எழுதிக் கிழித்தேன், அதனால் தாமதம். இப்போது மூச்சு எப்படி இருக்கிறது? படியேறாதே. சன்னலுக்கு அவசரமில்லை, கரிமேடு எங்கும் போய்விடாது.

கிழித்த முதல் கடிதத்தில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் மாப்பிள்ளையிடம் சொல் என்று கெஞ்சியிருந்தேன். மூன்றாவதில் என்ன எழுதினேன் என்று கேட்காதே. எர்சிலியாவிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன், ஒருத்தி இப்படி நேர்ந்துகொண்டால் சரியா என்று.

"சொந்தக்காரன்கிட்ட கேக்கலாம், அழலாம், சண்டை போடலாம். கெடு வைக்கலாமா? கெடு வைக்கிறது கடன்காரன் வேலை" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கைப்பிடி மட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். எர்சிலியா சும்மா எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

நேற்று பியெடிகுரோத்தா. ஊரே தெருவில். ஒரு தேரில் வீடளவு மீன் செய்து, அதன் வாய்க்குள் பாடகனை நிறுத்தியிருந்தார்கள். பாடும்போதெல்லாம் மீனின் தாடை அவன் தலையில் இடித்தது, பாட்டு நின்று நின்று வந்தது. எவனோ பின்னாலிருந்து என் தலையில் கொம்பு வைத்த காகிதத் தொப்பியைக் கவிழ்த்துவிட்டு, "அத்தே, இன்னிக்குத்தான் அழகா இருக்கீங்க!" என்று ஓடினான். வீடு வரும்வரை அதைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்கள் சிறியவர்கள் எல்லோரும் கன்னம் புடைக்கக் காகித ஊதல் ஊதினார்கள். இந்த ஊரில் எவ்வளவு மூச்சு வீணாகிறது என்றுதான் பார்த்துக்கொண்டே நடந்தேன். இடாவுக்கு ஓர் ஊதல் வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்று தபால் நிலையத்தில் கேட்டேன். "பெல்ஜியத்துக்கா? அஞ்சு நாளாகும். ஆல்ப்ஸ்ல ஏதாவது தடங்கல்னா ஆறு. அவசரம்னா தந்தி அடிங்கம்மா" என்றார் குமாஸ்தா.

உனக்கு என் கடிதம் நேரத்துக்கு வந்து சேரும். அதை என்னிடம் விட்டுவிடு.

அன்புடன்,
நுன்ஸியா


நேப்பிள்ஸ், செப்டம்பர் 19

அன்புத் தங்கை ரொசெத்தாவுக்கு,

உருகிவிட்டது! முதலில் அதை எழுதிவிடுகிறேன், சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

காலையில் நல்ல வெயில். பேராலயத்தில் எள் போட்டால் எள் விழாது. முன்வரிசையில் எர்சிலியாவுக்கு அடுத்து நான். மன்றாட்டு மாலை பாதிகூட முடியவில்லை, குருவானவர் குப்பியைச் சாய்த்தார், உள்ளே ரத்தம் ஒயின் போல் ஓடியது. உருகியதற்கு அடையாளமாக வெள்ளைக் கைக்குட்டை ஆடியது. கோட்டையில் பீரங்கி வெடித்தது. திட்டுவதற்கு எங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. எர்சிலியாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கையெழுத்துப் போடு. தைரியமாய்ப் போ. நான் கண்ணால் பார்த்தேன்.

உன் அக்கா
நுன்ஸியா


நேப்பிள்ஸ், செப்டம்பர் 20

மாப்பிள்ளை சபாத்தினோ அவர்களுக்கு,

நுன்ஸியா எழுதுவது. நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை, மன்னிக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் ரொசெத்தா பார்த்துவிடுவாள் என்று சுரங்க அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

அவள் சம்மதம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. ஜென்னாரோவின் ரத்தம் உருகினால்தான் கத்திக்கு ஒப்புக்கொள்வேன் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள். கோபப்படாதீர்கள். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 19ஆம் தேதி எழுதினால் 22க்குள் அங்கே வராது. அதனால் நான் 16ஆம் தேதியே 'உருகிவிட்டது' என்று எழுதி, மேலே 19 என்று தேதி போட்டு, தபாலில் சேர்த்துவிட்டேன். எந்த வருஷமும் உருகுகிறதுதானே, இந்த வருஷம் மட்டும் உருகாமலா போகும் என்று நினைத்தேன்.

உருகவில்லை.

நான் வெயில் என்று எழுதியிருந்தேன், நேற்று விடியும்போதே மழை கொட்டியது. குப்பியை வெளியே எடுத்தார்கள். உள்ளே தார்க்கட்டி போல் கறுப்பாக, அசையாமல். மன்றாட்டு மாலையை ஒருமுறை முடித்தோம், திரும்ப ஆரம்பித்தோம், அதையும் முடித்தோம். பிறகு எர்சிலியா எழுந்து நின்றாள்.

"டேய் மஞ்ச மூஞ்சி! தூங்குனது போதும், எழுந்திருடா! மழைன்னா படுத்துக்குவியா? நாங்க நனைஞ்சிட்டு வரலையா?"

"தங்க முலாம் போய் முகத்துல பச்சை ஏறுது பாரு, வெக்கங்கெட்டவன்!" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் கத்தினார்கள். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நடக்காததை நடந்ததென்று மூன்று நாள் முன்னாலேயே எழுதிப் போட்டவள் எந்த முகத்தோடு அவரை எழுப்புவது? என்னால்தான் எழவில்லையோ என்று நினைத்தேன். மாலை வரை இருந்தோம். பெண்கள் அழுதுகொண்டே வெளியே போனார்கள். வாசலில் பத்திரிகைக்காரர்கள் நின்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்தப் பத்திரிகைகள் அங்கேயும் வரும். அவள் கண்ணில் பட்டால், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தாலும் நடந்துவிடுவாள். இல்லை, பயத்திலேயே அந்த இதயம் நின்றுவிடும். இத்தாலியப் பத்திரிகை எதையும் அவளிடம் கொடுக்காதீர்கள். யாரையும் பேச விடாதீர்கள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
நுன்ஸியா


ஷார்ல்ருவா, செப்டம்பர் 22

அன்பு அக்காவுக்கு,

நீயும் உன் முழங்காலும் சுகமா?

உன் கடிதம் நேற்றே வந்துவிட்டது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம். படியில் சன்னலடியில் உட்கார்ந்து படித்தேன். உறையையும் பார்த்தேன். பிறகு இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டேன். உன் கடிதங்களில் நான் எரித்தது இது ஒன்றுதான். சபாத்தினோ கண்ணில் படக்கூடாது, அதுதான்.

இன்று காலை கையெழுத்துப் போட்டேன். சபாத்தினோ உட்கார்ந்து என் காலணிக்கு மெருகு போட்டார். கட்டிலில் படுக்கப்போகிறவளுக்குக் காலணி எதற்கு என்று கேட்டேன். "திரும்பி வர்றப்ப நடந்துதானே வரணும்" என்றார்.

நாளை ரயில். இடா போலந்துக்காரி வீட்டில் இருப்பாள். ஏதாவது ஆகிவிட்டால் இடாவை நீ கூட்டிக்கொள். அவளுக்கு வெங்காயம் பிடிக்காது, வற்புறுத்தாதே.

உன்
ரொசெத்தா


நேப்பிள்ஸ், அக்டோபர் 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

24 போய் எத்தனை நாளாகிறது. ஒரு தந்திகூடவா அடிக்கக்கூடாது? நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை போதும்.

எட்டு நாளும் குப்பியைப் பீடத்தில் வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் எட்டு நாளும் போய் உட்கார்ந்தேன். கட்டி அப்படியே இருந்தது. பேராலயத்தில் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். இனி டிசம்பரில்தான் எடுப்பார்கள்.

கடைசி நாள் எர்சிலியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "அடியே, நீ பொய் சொன்னேன்னு அவன் உருகாம இருப்பானா? அவன் நமக்குச் சொந்தக்காரன், போலீஸ்காரன் இல்ல" என்றாள். இரவு அது ஆறுதலாக இருந்தது. காலையில் இல்லை.

தபால்காரர் தெருமுனையில் என்னைப் பார்த்தாலே இப்போது கையை விரித்துக்காட்டிவிட்டுத்தான் வருகிறார்.

நுன்ஸியா


பிரஸ்ஸல்ஸ், அக்டோபர் 5

அக்கா நுன்ஸியாவுக்கு,

சபாத்தினோ வணக்கம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சங்க நோட்டீஸ்தான் எழுதுவேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கிறாள். நேற்று காய்ச்சல் இறங்கியது. இன்று காலை சூப் குடித்தாள், உப்பு இல்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டாள். நர்ஸுக்கு இத்தாலியன் தெரியாது, அதனால் சண்டை நன்றாக நடந்தது.

அறுவை சிகிச்சை மதியம்வரை நடந்தது. கதவு திறந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது, நினைவு தப்பியது, இடாவின் பெயரைச் சொன்னாள், உங்கள் பெயரைச் சொன்னாள். தந்தி அடிக்க நான் இரண்டு தரம் போனேன். கவுண்டரில் நின்றேன். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கே தெரியாதபோது எந்த வார்த்தைக்குக் காசு கொடுப்பது? திரும்பி வந்துவிட்டேன். உங்களை அலையவிட்டதற்கு மன்னியுங்கள்.

உங்கள் 20ஆம் தேதிக் கடிதத்தைச் சங்கத் தோழர் ஒருவர் இங்கே கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "இனி சொல்லலாம், ரத்தம் உருகிடுச்சுன்னு அக்கா எழுதிட்டா, அதான் கையெழுத்துப் போட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் சிரித்தேன். பிரஸ்ஸல்ஸில் இறங்கினால் நிலையத்துக் கடையில் நம் ஊர்ப் பத்திரிகை தொங்குகிறது, முதல் பக்கத்திலேயே: உருகவில்லை. அவளை இந்தப் பக்கம் திருப்பி, குழந்தைக்கு அனுப்ப ஒரு பட அட்டை பார் என்று நிறுத்திவிட்டு, கடையில் இருந்த நான்கையும் வாங்கிக் குப்பையில் போட்டேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியின் கணவரிடம் ஒன்று இருந்தது. அதை வாங்கி அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுத்தேன். கால்பந்து முடிவு வேண்டும் என்று சொன்னேன்.

அக்கா, ஜென்னாரோ விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் காய்ச்சல் ஏறிய அந்த நாட்களில் எனக்குத் திட்ட ஆள் இல்லை. டாக்டரைத் திட்ட முடியாது, நல்லவர். முதலாளியைத் திட்டினால் அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வராந்தாவில் நின்று உங்கள் ஆளைத்தான் திட்டினேன். மலைநாட்டுப் பேச்சில். அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

தையல் ஆறும்வரை அவளிடம் உண்மையைச் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகும் சொல்லாமல் இருந்தால் நல்லது. நம் இருவரோடு போகட்டும்.

வணக்கத்துடன்,
சபாத்தினோ


ஷார்ல்ருவா, நவம்பர் 2

அன்பு அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். படுத்தே தூங்குகிறேன். ஒரு தலையணை. நீ எப்படி இருக்கிறாய்? மெலிந்துபோயிருப்பாய், எனக்குத் தெரியும்.

வந்த அன்று மாடிப்படியில் பழக்கத்தில் பாதியில் நின்றேன். நிற்கத் தேவையில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆனாலும் கொஞ்சம் பார்த்தேன். அசிங்கமான மேடு அக்கா அது.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். நீ அனுப்பிய உறையில் தபால் முத்திரை அழுத்தமாக விழுந்திருந்தது: 16. கடிதத்தில் 19. சன்னலடியில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். முதலில் உன் மேல் ஆத்திரம் வந்தது. என் உயிர் விஷயத்தில் விளையாடிவிட்டாளே என்று. பிறகு யோசித்தேன். ஒரு ரொட்டித் துண்டுக்குப் பொய் சொல்லாதவள், அந்த நாற்காலி கிடைத்த முதல் வருஷமே, புனிதரின் பெயரில் பொய் எழுதித் தபால் நிலையம்வரை நடந்து போயிருக்கிறாள். எவ்வளவு நடுங்கியிருப்பாய் என்று உன் எழுத்தே சொன்னது. இந்த முறை சரிந்தவை உன் வரிகள். நீ அந்தப் பயத்தோடு நடந்து போயிருக்கிறாய் என்றால், என்னாலும் பிரஸ்ஸல்ஸ்வரை போக முடியும் என்று தோன்றியது. அவ்வளவுதான். உன்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், ரயிலில் சபாத்தினோவிடமும் உன் கடிதப்படியே உருகிவிட்டது என்றுதான் சொன்னேன். குப்பியில் என்ன ஆனது என்று அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை.

கேட்காமலே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி படித்த பத்திரிகையில் நடுவே சன்னல் மாதிரி ஓர் ஓட்டை. அதன் வழியாக அவள் மூக்கு தெரிந்தது. கேட்டால், கால்பந்துக்கு என்றார் சபாத்தினோ. பாவம், முதல் பக்கத்தில் யார் கால்பந்து போடுவார்கள்? ஓட்டைக்கு மேல் ஓரத்தில் ஜென்னாரோ சிலையின் தொப்பி நுனி மிச்சமிருந்தது.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதே. என்னிடமிருந்து ஒரு புனிதரையே மறைத்துவிட்ட பெருமையில் இருக்கிறார். இப்போதெல்லாம் கரி வாளியும் அவரேதான் தூக்குகிறார். அது நீடிக்கட்டும்.

உன்
ரொசெத்தா


நேப்பிள்ஸ் பேராலயம், டிசம்பர் 16

அன்புத் தங்கை ரொசெத்தாவுக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று இந்த முறை நம்பிக்கையோடு எழுதுகிறேன். நான் நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாள் முழுக்கச் சட்டைகளைத் தேய்த்தேன். ஒரு காலரைக் கருக்கிவிட்டேன். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உன்னிடம் ஒன்றைச் சொல்லாதே என்கிறார் அவர், அவரிடம் ஒன்றைச் சொல்லாதே என்கிறாய் நீ. நடுவில் நான் தபால் பெட்டி மாதிரி நிற்கிறேன். போட்டதெல்லாம் உள்ளேயே கிடக்கிறது.

இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதுகிறேன். இந்த நாளுக்கு அதிகக் கூட்டம் இல்லை, குளிர் வேறு. குப்பியை எடுத்துவிட்டார்கள். கட்டியாக இருக்கிறது. மன்றாட்டு மாலை இரண்டாவது சுற்று போகிறது. எர்சிலியா தொண்டைக்கு அதிமதுரம் மென்றுகொண்டே சொல்கிறாள்.

எழுதுவதைப் பார்த்துவிட்டாள். "என்னடி, இந்தத் தடவையும் முன்கூட்டியே எழுதுறியா?" என்று தொடையில் கிள்ளினாள். "வாயில என்ன கொழுக்கட்டையா? செப்டம்பர்ல இருந்து ஒரு தடவைகூட உன் சத்தம் கேக்கல. சொந்தக்காரிதானே நீ?"

எழுந்தேன். முழங்கால் மளுக்கென்றது. "ஏ மஞ்ச மூஞ்சி!" என்றேன். முதலில் மெதுவாகத்தான் வந்தது. "நீ செய்ய வேண்டியதை உனக்கு முன்னாடி நான் செஞ்சு முடிச்சேன், பயந்து செத்தேன்! என் தங்கச்சி நடக்கிறா, உனக்கு மட்டும் என்ன கால் வலியா? எழுந்திருடா!"

பேராலயம் முழுக்க எதிரொலித்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. எர்சிலியா என்னைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு, "இது குரல்" என்றாள்.

இந்தக் கடிதத்தை இப்போது மடிக்க மாட்டேன். ஆனதை ஆனபடி பார்த்துவிட்டுத்தான் மீதியை எழுதுவேன். இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டிவிடாதே. எல்லாம் உனக்கு மட்டும்.

மாலை. பாதி உருகியது. மீதி கட்டியாகவே இருக்கிறது. கைக்குட்டையை ஆட்டுவதா வேண்டாமா என்று குருவானவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், கடைசியில் கொஞ்சமாக ஆட்டினார்கள். காலையிலிருந்து மேகமூட்டம், மழை இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் தபாலில் சேர்க்கிறேன். உறையை எரிக்காதே. முத்திரையைப் பார்.

உன் அக்கா
நுன்ஸியா